சக்கரம் கழன்ற செய்தியும் சிங்கப்பூர் டிக்கெட்டும்

இந்த வாரக் கடிதம் ஈரோடு மாவட்டத்திலிருந்து வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எட்டுப் பக்கக் கடிதம். சுருக்கிச் சொல்கிறேன். எழுதியவருக்கு 61 வயது. கணவர் சங்ககிரியில் மூன்று லாரி வைத்து ஓட்டியவர், காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் சிங்கப்பூரில். அவருக்கு அடுத்த மாதம் இரண்டாவது பேறுகாலம். கோவையிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் மருமகன் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். பேத்தி தினமும் வீடியோ காலில் வந்து “அம்முச்சி, எப்ப வர்றீங்க?” என்கிறாள். அம்முச்சிக்கோ மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

காரணம் செல்போனில் வரும் வீடியோக்கள். அமெரிக்காவில் மேலே ஏறும் விமானத்திலிருந்து சக்கரம் கழன்று கார்கள் மேல் விழுகிறது. குஜராத்தில் விமானம் கிளம்பிப் போன பிறகு ஓடுபாதையில் ஒரு சக்கரம் கிடக்கிறது. இந்த வீடியோக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, 2024 ஆயுத பூஜை அன்று கொழுந்தனார் வீட்டு லாரிகளுக்குப் பொட்டு வைத்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது, திருச்சி வானத்தில் விமானம் சுற்றிச் சுற்றி வருவதை டிவியில் நேரலையாகப் பார்த்திருக்கிறார். சொந்தக்காரர்கள் குரூப்பில் அண்ணன் மகன் ஒருவர் இதையெல்லாம் தேடித் தேடி அனுப்புகிறார்.

அவர் கேட்பவை: சக்கரம் கழன்றால் விமானம் எப்படி இறங்கும்? விமானத்துக்கும் ரீட்ரெட் டயர்தான் (தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது) போடுகிறார்களாமே, நிஜமா? சென்னைக்குப் போய்ப் பெரிய விமானத்தில் ஏறினால் பரவாயில்லையா? டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வருமா? பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிடலாமா?

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், கையெழுத்துக்கும் கீழே, இரண்டு வரி இருக்கிறது: “1997-ல் எங்கள் வண்டி பெருந்துறை தாண்டி முன் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. ஓட்டியது என் தம்பி. அந்த டயரை மாற்றச் சொன்னேன், அடுத்த நடைக்கு மாத்திக்கலாம் என்றார் வீட்டுக்காரர்.”

அக்கா, எனக்கு 57 ஆகிறது. அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நான் ஆலோசகர் ஆனது நாற்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன் 20 வருடம் விமானப்படையில் டெக்னீஷியன், கடைசி ஆறு வருடம் சூலூரில். அதில் பெரும்பாலும் வீல் பே, அதாவது சக்கரமும் பிரேக்கும் பார்க்கிற கொட்டகை. அது தெரிந்துதான் எனக்கு எழுதினீர்களோ என்னவோ. எழுதியது நல்லதாயிற்று. முதலில் சக்கரத்தைப் பேசிவிட்டு, அப்புறம் அந்த இரண்டு வரிக்கு வருகிறேன்.

வீடியோவில் வராத பாதி

அமெரிக்க வீடியோ 2024 மார்ச் 7-ஆம் தேதி எடுத்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஜப்பானின் ஒசாகாவுக்குக் கிளம்பிய போயிங் 777. சக்கரம் விழுந்த இடம் விமான நிலைய ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடம். கார்கள் நசுங்கின, யாருக்கும் காயமில்லை. அந்த விமானத்துக்கு இடது காலில் ஆறு, வலது காலில் ஆறு, மூக்கில் இரண்டு, ஆக 14 சக்கரம். ஒன்று போனால் பாக்கி 13. ஒசாகா போகாமல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திருப்பி, உள்ளே இருந்த 249 பேரோடு பத்திரமாக இறக்கினார்கள். உங்களுக்கு வந்த வீடியோ சக்கரம் விழுவதோடு முடிந்துவிடுகிறது, இல்லையா?

குஜராத் சம்பவம் 2025 செப்டம்பர் 12. கண்ட்லாவிலிருந்து மும்பைக்குப் போன, இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம். ஒவ்வொரு பக்கத்துக் காலிலும் இரண்டிரண்டு சக்கரம்தான். ஒன்று கழன்ற பிறகும் மும்பையில் இறங்கித் தானாகவே ஓடி நிறுத்துமிடம் வரை வந்தது. லாரிக்காரர் வீட்டுப் பெண்மணிக்கு இதைச் சொல்வது சுலபம். பின் ஆக்ஸிலில் ஏன் இரட்டை டயர்? பாரத்துக்கு மட்டுமல்ல, ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பதற்கும்தான். விமானக் காலிலும் அதே கணக்கு.

திருச்சி விஷயம் சக்கரம் கழன்றதே இல்லை. 2024 அக்டோபர் 11 மாலை ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியதைப் பார்த்து, இறங்க முடியாமல் தவிக்கிறது என்று நினைத்தீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, டிவியிலும் அப்படித்தான் பேசினார்கள். சங்கதி வேறு. தூரப் பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிய விமானம் கிளம்பும்போது இருக்கும் எடை, இறங்கும்போது இருக்க வேண்டிய எடையைவிட அதிகம். அந்த வகைப் போயிங் 737-ல் எரிபொருளை வானத்தில் கொட்டும் வசதி கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். அதைத்தான் பொறுமையாகச் செய்தார்கள். அன்று இரவே எல்லோரும் நடந்து இறங்கி வந்தார்கள்.

ரீட்ரெட் விஷயம்

ஆமாம் அக்கா, விமான டயரை ரீட்ரெட் செய்வார்கள். ஒரு தடவையல்ல, ஒரே டயரைப் பல தடவை. இதை மறைக்க ஒன்றுமில்லை, எல்லா நாட்டிலும் நடப்பது. உங்கள் வீட்டுக்காரர் “முன்னாடி புதுசு, பின்னாடி ரீட்ரெட்” என்று வைத்திருந்த சட்டம் லாரிக்குச் சரியானது. நாமக்கல், கரூர், கோவை என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் அதையே சொல்வார்கள். லாரி டயர் எத்தனை ஓவர்லோடு சுமந்தது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று ரீட்ரெட் போடுகிறவருக்குத் தெரியாது. விமான டயருக்கு வரிசை எண் உண்டு, அந்த எண்ணுக்குக் கீழே எழுத்தில் வரலாறு உண்டு. பட்டன், அதாவது டயரின் மேல் ரப்பர், பெரும்பாலும் தேய்வது இறங்கும்போது தரையில் உரசுகிற அந்தச் சில நொடியில்தான். உள்ளே இருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கும். அந்த உடம்பில் பிரிவோ வெட்டோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்து, தேறினால்தான் புது ரப்பர். தேறாததைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

வீல் பேயில் ஒரு சக்கரம் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் வேலை காற்றை இறக்குவது. காற்று என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, பெரிய விமான டயரில் இருப்பது நைட்ரஜன். காருக்கு 32 பவுண்டு, லாரிக்கு 110 பவுண்டு என்று வைத்தால், ஒரு ஜெட் விமான டயருக்கு 200 பவுண்டு அளவில் இருக்கும். அதனால் திரும்ப ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் ஏற்றுவோம். ரிம் இரண்டு பாதியாக, போல்ட் போட்டுச் சேர்த்தது. பிரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். பேரிங்கைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்புவோம். சூட்டில் நீலம் பாய்ந்த ஒரு உருளை தெரிந்தாலும் அந்த பேரிங் குப்பைக்கு. உங்கள் லாரிச் சக்கரத்துக்கு எட்டு, பத்து நட்டு இருக்கும். விமானச் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அதை முறுக்க வேண்டும், பிறகு தளர்த்த வேண்டும், மறுபடி எழுதி வைத்த அளவுக்கு முறுக்கிப் பூட்ட வேண்டும். எங்கள் கொட்டகையில் ஒருவர் முறுக்கினால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு மேலே இருந்த ஒரு சார்ஜென்ட், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பூட்டுக் கம்பியை விரலால் தொட்டுப் பார்க்காமல் பேனாவை எடுக்க மாட்டார்.

சக்கரம் கழன்ற விமானம் என்று செய்தி வந்தால் விசாரணைக்காரர்கள் முதலில் தேடிப் போவது இந்த நட்டையும் பேரிங்கையும்தான். மனிதர் செய்யும் வேலை, தவறு நடக்கும். நடக்கவே நடக்காது என்று நான் உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. சான் பிரான்சிஸ்கோ விமானம் 20 வருடத்துக்கு மேல் ஓடியது. அத்தனை வருடம் ஓடிய வண்டியில் சக்கரம் கழன்றால் முதலில் பராமரிப்பைத்தான் கேட்க வேண்டும், தயாரித்த கம்பெனியை அல்ல. அந்த வருட ஜனவரியில்தான் வேறொரு போயிங் விமானத்தில் கதவு அடைப்பு பறந்துபோயிருந்தது. அதனால் பல செய்திகள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டன.

இன்னொன்று. பிரேக் சூடு எல்லை மீறினால் ரிம்மில் இருக்கும் ஒரு சின்ன பிளக் உருகி, நைட்ரஜனை வெளியே விட்டுவிடும். வெடிக்க வேண்டிய டயர் வெடிக்காமல் படுத்துவிடும், அதற்காகவே வைத்தது. “டயர் வெடித்ததால் பரபரப்பு” என்று நீங்கள் படித்ததில் சில, இந்த பிளக் தன் வேலையைச் செய்ததாகக்கூட இருக்கலாம்.

உங்கள் பயத்தில் நியாயமான பங்கு

டயரால் விமானம் விழுந்ததே இல்லையா என்றால், விழுந்திருக்கிறது. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727-ல் பிரேக் உரசிச் சூடேறி, டயர் வானத்தில் வெடித்து, எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் அறுந்தன. 167 பேர் போனார்கள். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் வெறும் காற்றை நிரப்பியிருந்தார்கள். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, சூட்டில் அது தீக்குத் துணை. பெரிய விமானங்களுக்கு நைட்ரஜன் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். 2000 ஜூலை 25-ல் பாரிஸில் கான்கார்ட் விமானம். ஓடுபாதையில் வேறொரு விமானம் விட்டுப் போன உலோகப் பட்டை டயரைக் கிழித்தது, கிழிந்த ரப்பர் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. தரையில் இருந்த நால்வரையும் சேர்த்து 113 பேர்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. 1991 ஜூலை 11, ஜெத்தா. ஹஜ் முடித்து நைஜீரியா திரும்பியவர்களை ஏற்றிய டிசி-8 விமானம். டயரில் காற்று குறைவு என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும். தாமதமாகிறது என்று அப்படியே கிளம்பவிட்டார்கள். ஓடுபாதையில் ஓடும்போதே டயர் சூடாகித் தீப்பிடித்தது, சக்கரம் உள்ளே மடங்கியபோது தீயும் உள்ளே போனது. 261 பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை.

“அடுத்த நடைக்கு மாத்திக்கலாம்.” ஜெத்தாவில் அரபியிலோ ஆங்கிலத்திலோ சொல்லியிருப்பார்கள். வார்த்தை ஒன்றுதான். நான் வேலை கற்றுக்கொண்டது அந்த விபத்துக்குப் பிந்தைய வருடங்களில். அந்த வார்த்தையை யாரும் சொல்ல முடியாதபடி வேலையைக் கட்டி வைப்பதுதான் எங்கள் பயிற்சி முழுவதும். எந்தக் குறையோடு எத்தனை நாள் பறக்கலாம், எதோடு ஒரு அடிகூட நகரக் கூடாது என்று பட்டியலே உண்டு. தேய்ந்த டயருக்கு மில்லிமீட்டரில் அளவு உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் முதலாளிக்காக அல்ல, தன் லைசென்ஸை வைத்துப் போடுகிறார்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது “தொழில்நுட்பக் காரணத்தால் ஒரு மணி நேரம் தாமதம்” என்று அறிவிப்பு வந்தால் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாரோ ஒருவர் அடுத்த நடைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டயரை மாற்றிவிட்டுக் கிளம்பிய விமானம் ஒருநாளும் செய்தியில் வராது.

செய்தியை எப்படிப் படிப்பது

“நூலிழையில் உயிர் தப்பினர்”, “பயணிகளின் கதி என்ன?”, “நடுவானில் பரபரப்பு”. நம் ஊர்ச் செய்தி மொழியில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பல விமானச் செய்திகளில் மிச்சம் ஒரு வரிதான் தேறும். செய்தியாளரை மட்டும் திட்ட மாட்டேன். தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதை ஓரம் நிற்கின்றன என்று போன் வருகிறது, பத்து நிமிடத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும். பைலட்டுக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்த வண்டிகளை வரவழைப்பதுதான் வழக்கம். வண்டி நிற்பதால் தீ என்று அர்த்தமில்லை.

உலக விமானப் போக்குவரத்து விதிகளில் விபத்து, கடுமையான சம்பவம், சம்பவம் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். யாருக்கும் பெரிய காயமில்லாமல் சேதம் டயர், பிரேக், சக்கரம் அளவில் நின்றுவிட்டால் அது விபத்துக் கணக்கிலேயே வராது. நம் செய்தியில் எல்லாமே விபத்து, இல்லாவிட்டால் “பெரும் விபத்து தவிர்ப்பு”.

2025 ஜூன் 12 அகமதாபாத் நினைவிருக்கும். விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். அன்று மாலையே டிவியில் பலர் “சக்கரம் ஏன் மேலே போகவில்லை?” என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை பேசியது, கிளம்பிய சில நொடிகளில் இரண்டு என்ஜினுக்கும் எரிபொருள் சுவிட்சுகள் மூடிய நிலைக்குப் போனதைப் பற்றி. அந்த விபத்துக்குப் பிறகு பல வாரம், முன்பெல்லாம் உள்பக்கத்தில்கூட வராத சின்னக் கோளாறுகள் எல்லாம் முதல் பக்கத்துக்கு வந்தன. கோளாறுகள் கூடிவிட்டன என்றே ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் கூடியது நம் கவனம்.

அடுத்த தடவை அண்ணன் மகன் ஒன்றை அனுப்பினால் மூன்றே கேள்வி. யாருக்காவது காயமா? அப்புறம் விமானம் இறங்கியதா? இதைச் சொல்வது டி.ஜி.சி.ஏ.வா (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு), விமான நிறுவனமா, இல்லை உள்ளே போனைப் பிடித்துக்கொண்டிருந்த பயணியா? மூன்றுக்கும் பதில் இல்லாத வீடியோ பழைய வீடியோவாகவும் இருக்கலாம். அதைவிட நல்லது, பயணம் முடியும் வரை அந்த குரூப்பை மியூட் செய்வது. அண்ணன் மகன் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2005 செப்டம்பர் 21-ல் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் மூக்குச் சக்கரம் குறுக்காகத் திரும்பி நின்றுவிட்டது. அதுவும் எரிபொருளை எரிக்க மூன்று மணி நேரம் சுற்றியது. சீட்டுக்கு முன்னால் நேரலை டிவி உள்ள விமானம் அது. தங்கள் விமானம் என்னவாகும் என்று நிபுணர்கள் விவாதிப்பதைப் பயணிகளே உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மூக்குச் சக்கரம் தீப்பொறி பறக்கத் தேய்ந்துகொண்டே நின்றது. 146 பேர், ஒரு சிராய்ப்பு இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் அவர்களை அதிகம் வாட்டியது சக்கரமா டிவியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த லாரி

இப்போது கடைசிப் பக்கம். எட்டுப் பக்கத்தில் விமானத்துக்கு ஏழரைப் பக்கம் கொடுத்தீர்கள், தம்பிக்கு இரண்டு வரி. நான் அதைத் தலைகீழாகப் படித்தேன்.

நீங்கள் விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறாத ஒன்றைக் கண்டு மூன்று வாரம் தூக்கம் போகாது. சக்கரம் கழன்று உருளுவதைச் செல்போனில் பார்க்கும்போது உங்கள் கண்ணுக்கு முன்னால் வருவது சான் பிரான்சிஸ்கோவா, பெருந்துறையா? நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த டயர் தேய்ந்தது உங்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொன்னீர்கள், சொன்னதைக் கேட்கவில்லை. கேட்காதவரோடு அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். அவரிடம் அதைப் பற்றி ஒரு தடவையாவது கோபப்பட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இப்போது அவரும் இல்லை. கோபத்துக்கு ஆள் இல்லாதபோது அது பயமாக வேஷம் போட்டுக்கொண்டு வருவதை இந்த அறையில் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

“நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்” என்று நினைக்கிறீர்களா என்றும் கேட்கத் தோன்றுகிறது. 1997-ல் ஒரு லாரி ஆபீசில், டயர் விஷயத்தில் வீட்டுப் பெண்ணின் பேச்சுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களிடம் இல்லை.

இது ஒரு பதிலில் தீர்கிற விஷயமில்லை. ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு ஆலோசகரை நேரில் நான்கைந்து தடவை பாருங்கள். சிங்கப்பூர் போவதற்காக மட்டும் இல்லை. தூக்கமின்மையோடு சாப்பாடும் குறைந்து, படபடப்பு பகலிலும் விடவில்லை என்றால், மனநல மருத்துவரையே பாருங்கள்.

உங்கள் முன்னால் உள்ள வழிகள்

போகாமல் இருப்பது. அதுவும் ஒரு வழிதான், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல உரிமையில்லை. மருமகன் அங்கே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முட்டிவலியால் போகவில்லை என்றால் மனது ஒத்துக்கொள்ளும். செல்போன் வீடியோவால் போகவில்லை என்றால் பேத்தி பேசும் ஒவ்வொரு தடவையும் உறுத்தும். நானாக இருந்தால் இன்றே ரத்து செய்ய மாட்டேன்.

சென்னை போய்ப் பெரிய விமானம். இதை மட்டும் வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். சக்கரம் அதிகம் என்பதால் பெரிய விமானம் பத்திரம் என்று கணக்கில்லை, எல்லாமே ஒரே விதிமுறையில் தேறித்தான் வருகின்றன. அதற்காக நீங்கள் கூட்டிக்கொள்வது ஈரோட்டிலிருந்து சென்னை வரைக்குமான 400 கிலோமீட்டர் சாலை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். புள்ளிவிவரத்தால் பயம் போகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் எந்தப் பாதையைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதாவது சரியாக இருக்கட்டும்.

படிப்படியாகப் பழகுவது. எனக்குப் பிடித்த வழி இது. ஒருநாள் மகன் முறையுள்ள யாரையாவது கூட்டிக்கொண்டு கோவையில் விமான நிலையம் இருக்கும் சித்ரா பக்கம் வாருங்கள். விமான நிலையத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று, இறங்குவதையும் ஏறுவதையும் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும்போது புகை வரும். நிற்கிற சக்கரம் ஒரே நொடியில் சுற்ற ஆரம்பிப்பதால் வரும் ரப்பர் புகை, ஒவ்வொரு தடவையும் வரும். பத்து விமானம் பார்த்தால் மனது தானாக ஒரு கணக்குப் போடும். வசதியும் நேரமும் இருந்தால் கோவை–சென்னை ஒருமுறை பறந்து வாருங்கள், ஒரு மணி நேரச் சங்கதி.

பணம். நீங்களாக ரத்து செய்தால் டிக்கெட்டின் நிபந்தனைப்படி அடிப்படைக் கட்டணம் குறையலாம், மொத்தமாகவே போகலாம். ஆனால் வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் திரும்ப வர வேண்டும் என்பது இந்திய விதி. பயத்தால் ரத்து செய்வதைப் பயணக் காப்பீடு பொதுவாக ஏற்காது. விமானமே ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். காத்திருக்கும் நேரத்துக்கேற்பச் சாப்பாடும் தர வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் பணம் திரும்புவதில் அவர்கள் நாட்டு விதியும் சேரும், அதனால் மருமகனை டிக்கெட் நிபந்தனையை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். எதையும் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள்.

மாத்திரை. அடுத்தவருக்கு எழுதிய தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். பிரஷருக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இரண்டும் சேர்ந்து தலைசுற்றி விமானத்தில் நடக்கும்போது விழுந்தால், இடுப்பு எலும்போடு போய்ச் சேர்வீர்கள். பேறுகாலம் பார்க்கப் போனவரை மகள் பார்த்துக்கொள்ள வேண்டி வரும். தேவை என்றால் உங்கள் டாக்டரே எழுதித் தரட்டும், அதையும் ஊரில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

ஏறும் நாளைக்குச் சில குறிப்புகள். இறக்கைக்கு நேராக உள்ள வரிசையில், நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவாகத் தெரியும். ஏறியதும் பணிப்பெண்ணிடம் “முதல் தடவைங்க, கொஞ்சம் பயம்” என்று சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இது தினப்படி. தரையை விட்டதும் காலுக்கடியில் தொப்பென்று ஒரு சத்தம், ஒரு உறுமல் வரும். சக்கரம் உள்ளே மடங்கி, கதவு மூடும் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் என்ஜின் இரைச்சல் சட்டென்று அடங்கும். நின்றுவிட்டது என்று பதறாதீர்கள். மேட்டில் ஏறி முடித்த லாரியில் டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துவார் இல்லையா, அதுதான். சிங்கப்பூர் நெருங்கும்போது மறுபடி தொப்பென்று கேட்கும், காற்று இரையும். சக்கரம் கீழே வந்துவிட்டது.

நல்லெண்ணெய் பாட்டிலையும் பூண்டு லேகியத்தையும் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் செய்யும் பெட்டியில் போடுங்கள். கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்க வேண்டாம். தீப்பிடிக்கும் பொருள் என்று பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். தேங்காய் அங்கேயே கிடைக்கும்.